கும்மி வட்டத்தில் ஓர் இடம்

கும்மியில் கை தட்டுவதற்கென்று ஒரு முறை இருக்கிறது. விரல்களை விறைப்பாக நீட்டி உள்ளங்கையோடு உள்ளங்கையை மோதினால் ஓசை சுள்ளென்று சிதறும். பத்துப் பாட்டு முடிவதற்குள் கை சிவந்து எரியத் தொடங்கிவிடும். உள்ளங்கையைச் சற்றுக் குழித்து, விரல்களைத் தளரவிட்டுத் தட்டினால், உள்ளே அடைபட்ட காற்று அமுங்கிக் கனத்த ஓசை எழும். அந்த ஓசை பக்கத்தில் நிற்பவரின் ஓசையோடு எளிதில் கலந்துவிடும். நடுச்சாமம் வரை தட்டினாலும் கை வலிக்காது. இதை எனக்கு ஆறு வயதில் சொல்லிக்கொடுத்தவர் என் பெரியம்மா. என் இரண்டு கைகளையும் பிடித்து, அவற்றுக்குள் ஒரு கோழிக்குஞ்சு இருப்பதாக நினைத்துக்கொள்ளச் சொன்னார். நாற்பத்தாறு ஆண்டுகள் ஆகின்றன. இன்றைக்கும் கை தட்ட வேண்டிய இடம் எதுவானாலும், அலுவலகக் கூட்டமாகவே இருந்தாலும், என் கைகள் தாமாகவே குழிந்துகொள்கின்றன.

எங்கள் ஊர் அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடைப்பட்ட கரிசல் காட்டில் இருக்கும் ஒரு மானாவாரிச் சிற்றூர். ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை அம்மனுக்குக் காப்புக் கட்டி, அன்று மாலையே முத்துப் பரப்புவார்கள். வாயகன்ற மண் ஓடுகளில் வைக்கோலைச் சுற்றி வைத்து, அதன்மேல் காய்ந்து பொடிந்த ஆட்டுப்புழுக்கையையும் சாணத் தூளையும் நிரப்பி, வீட்டுக்கு வீடு வாங்கி ஊறவைத்த மொச்சை, தட்டைப்பயறு, பாசிப்பயறு, கம்பு, சோளம் ஆகியவற்றைத் தூவி, வெளிச்சம் புகாத ஓர் அறையில் வரிசையாக அடுக்கிவிடுவார்கள். விரதம் இருக்கும் ஒரு பெண் மட்டும் காலையும் மாலையும் உள்ளே போய்த் தண்ணீர் தெளிப்பார். வெயில் படாத அந்தப் பயிர் பச்சையம் ஏறாமல், வெளிர்மஞ்சள் நிறத்தில், இல்லாத ஒளியைத் தேடித் தேடி ஒரு முழத்துக்கு மேல் நெடுநெடுவென்று வளர்ந்து நிற்கும். இதுதான் முளைப்பாரி. அடுத்த வெள்ளாமைக்கு வைத்திருக்கும் விதை முளைக்குமா என்று ஊர் முழுவதும் சேர்ந்து சோதித்துப் பார்க்கும் ஏற்பாடாக இது தொடங்கியிருக்கலாம் என்று சொல்வோர் உண்டு. புரட்டாசி மழையை நம்பி விதைக்கும் எங்கள் ஊருக்கு அந்த விளக்கம் பொருந்தவே செய்கிறது. மதுரை மீனாட்சி அம்மன் கோயிலிலும் ஆடி மாதத்தில் முளைக்கொட்டு விழா நடக்கிறது. ஆனால் கோயில் விழாவை நான் பார்த்ததைவிட, எங்கள் ஊர்ப் பொட்டலில் கும்மி கொட்டிய நாட்கள்தாம் அதிகம்.

காப்புக் கட்டியது முதல் ஒவ்வோர் இரவும், சோறு தின்று பாத்திரம் கழுவி, பிள்ளைகளைத் தூங்கவைத்த பிறகு, பெண்கள் அந்த இருட்டறைக்கு வெளியே இருக்கும் பொட்டலில் கூடுவார்கள். பாட்டுக் கேட்டால்தான் பாரி வளரும் என்பது ஊரின் நம்பிக்கை. சிறு வயதில் நான் அதை அப்படியே நம்பினேன். கதவுக்கு அந்தப் பக்கம், இருட்டுக்குள், அத்தனை முளைகளும் காதைத் தீட்டிக்கொண்டு எங்கள் கைத்தட்டலைக் கேட்டுக்கொண்டிருக்கின்றன என்ற எண்ணம் எனக்குள் ஒரு பெரிய பொறுப்பை உண்டாக்கியது. நான் ஒரு தட்டைத் தவறவிட்டால் எங்கோ ஒரு பயறு முளைக்காமல் போய்விடும் என்று பயந்து தட்டியிருக்கிறேன். யாரோ பார்க்கிறார்கள் என்பதற்காக ஆடிய ஆட்டம் அல்ல அது. பொட்டலில் வேடிக்கை பார்க்க ஆண்கள் இருக்கமாட்டார்கள், நாற்காலி இல்லை, மேடை இல்லை. ஊரில் உள்ள பெண்கள் எல்லாரும் வட்டத்துக்குள்ளேயே நின்றார்கள்.

கும்மியின் அடவு மிகவும் எளியது. வலக்காலை முன்னே வைத்துக் குனிந்து ஒரு தட்டு. நிமிர்ந்து பின்வாங்கி ஒரு தட்டு. பக்கவாட்டில் ஓரடி நகர்ந்து, இடுப்பை ஒசித்துத் திரும்பி ஒரு தட்டு. பாட்டு வேகமெடுக்கும்போது தட்டுகள் கூடும். சில பாட்டுகளில் பக்கத்தில் நிற்பவரின் கையிலும் தட்ட வேண்டும். அரைமணி நேரத்தில் யாரும் கற்றுக்கொள்ளலாம். ஆனால் அந்த எளிமைதான் அதன் பெரிய செல்வம் என்று இப்போது நினைக்கிறேன். கால் எங்கே போக வேண்டும் என்று யோசிக்கத் தேவையில்லாத நிலை வந்த பிறகுதான் காதுக்கு வேலை தொடங்குகிறது. நாற்பது பெண்களின் கைகள் ஒரே நேரத்தில் மோதும்போது, அந்த ஓசையில் எது என் கையின் ஓசை என்று பிரித்தறிய முடியாமல் போகும் ஒரு கணம் இருக்கிறது. ஆறு வயதில் அந்தக் கணம் எனக்கு முதன்முறையாக வாய்த்தபோது, என் கை தட்டவே இல்லையோ என்று திடுக்கிட்டு ஒருமுறை நிறுத்திப் பார்த்தேன். ஓசை குறையவில்லை, ஆனால் எனக்குள் ஏதோ ஒன்று குறைந்தது. அவசரமாக மீண்டும் சேர்ந்துகொண்டேன். ஆட்டத்தின் மகிழ்ச்சி என்று யார் பேசினாலும் எனக்கு அந்தக் கணம்தான் நினைவுக்கு வருகிறது.

பாட்டெடுத்துக் கொடுத்தவர் பெரியம்மாதான். அவர் ஓர் அடியைப் பாட, வட்டம் அதை வாங்கித் திருப்பிப் பாடும். நடுநடுவே ‘தன்னானே’ வந்து எல்லாரையும் மூச்சு வாங்கவைக்கும். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அம்மன் பிறப்பு, ஊருக்கு மழை வந்த கதை, கிழக்கே போன அண்ணன்மார் திரும்பாத கதை என்று எத்தனையோ பாட்டுகள் அவருடைய நினைவில் இருந்தன. பாட்டின் நடையை அவர் முடிவு செய்யும் விதத்தைப் பெரியவளான பிறகே நான் கவனித்தேன். பாடத் தொடங்குமுன் வட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்ப்பார். எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்தி வந்து நின்றால் பாட்டு தானாகவே நிதானப்படும். இளம்பெண்கள் மட்டும் நிற்கும் பின்னிரவில் அதே பாட்டு துள்ளும். கால் தாங்கி நடக்கும் ஒரு கிழவி வட்டத்துக்குள் நுழைந்தால், அவர் அடுத்த அடியை எடுத்துவைக்கும் வரை பெரியம்மாவின் ‘தன்னானே’ நீண்டுகொண்டே இருக்கும். யாருக்காகப் பாட்டு மெதுவானது என்பது யாருக்கும் தெரியாது. அந்தக் கிழவிக்கும் தெரிந்திருக்காது.

பெரியம்மாவைப் பற்றி இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அவர் இருபத்தொன்பது வயதில் கணவரை இழந்தவர். அதனால் எங்கள் ஊர் வழக்கப்படி அவர் முளைப்பாரி சுமக்க முடியாது. முத்துப் பரப்பும் சடங்கில் தானியத்தைத் தொட முடியாது. கடைசி நாளில் பாரிகள் தலைமேல் ஏறிக் கண்மாய்க்குப் புறப்படும்போது, எதிரே வரவும் கூடாது. ஆனால் பாட்டெடுக்க அவரைவிட்டால் ஆள் இல்லை. ஆகவே ஒன்பது இரவுகள் ஊரின் அத்தனை கால்களையும் அவருடைய குரல் ஆட்டிவைத்தது; பத்தாம் நாள் அவர் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சிறு வயதில் இது எனக்கு உறைக்கவில்லை. பாரிக்குப் பின்னால் குலவையிட்டுக்கொண்டு ஓடும் பிள்ளைகளில் நானும் ஒருத்தி. இப்போது நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது. ஒரு பெண்ணின் குரல் வேண்டும், அவளுடைய தலைமட்டும் வேண்டாம் என்று ஓர் ஊரே எப்படி முடிவு செய்தது?

இது எங்கள் ஊரின் கதை மட்டுமா என்று யோசித்துப் பார்க்கிறேன். இன்று உலகம் கொண்டாடும் பரதநாட்டியம், சதிர் என்ற பெயரில், கோயிலையும் அரசவையையும் சார்ந்து வாழ்ந்த பெண்களின் கலையாக எத்தனையோ தலைமுறைகள் காக்கப்பட்டது. சென்னை மாகாணத்தில் 1947-இல் வந்த சட்டம் பெண்களுக்குப் பொட்டுக்கட்டிக் கோயிலுக்கு நேர்ந்துவிடுவதைத் தடைசெய்தது. தடைசெய்யப்பட வேண்டிய கொடுமைதான் அது. ஆனால் அந்தக் காலத்து மாற்றங்களில் ஆட்டத்துக்கு மேடையும் மதிப்பும் கிடைத்தபோது, அதைக் காத்துவந்த குடும்பங்களின் பெண்களில் மிகப் பலர் ஆட்டத்தையே விட்டு விலகிப்போனார்கள். அந்த மரபிலிருந்து வந்து, கடைசிவரை தலைநிமிர்ந்து ஆடிய தஞ்சாவூர் பாலசரஸ்வதி (1918–1984) போன்றவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. கொங்கு நாட்டில் வள்ளிக் கும்மி நெடுங்காலம் ஆண்களே ஆடிய ஆட்டம். அதைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தவர்களில் முன்னோடி, 2024-ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்ற கோவை மாவட்டத்து ஆசான் பத்திரப்பன். எண்பது வயதைக் கடந்த ஒருவர், ஆடும் உரிமையை அகலத் திறந்துவிட்டதற்காகவும் மதிக்கப்பட்டார் என்பதில் எனக்கு மிகுந்த நிறைவு உண்டு. பாரதியார் பெண் விடுதலையைப் பாடக் கும்மியைத் தேர்ந்தெடுத்ததும் தற்செயல் அல்ல என்றே நம்புகிறேன். பெண்கள் ஏற்கெனவே ஒன்றுகூடி நின்ற இடம் அதுதான்.

திருமணமாகிச் சென்னைக்கு வந்த பிறகு கும்மி என் வாழ்க்கையிலிருந்து நழுவிப்போனது. மகளைப் பரதநாட்டிய வகுப்பில் சேர்த்தேன். எட்டு ஆண்டுகள், வாரத்துக்கு இரண்டு மாலைகள், வகுப்பு நடந்த வீட்டின் வாசற்படியில் காத்திருந்தேன். தட்டடவு, நாட்டடவு, குதித்து மெட்டு என்று தட்டுக்கழி மனையில் விழும் ஓசையை வைத்தே உள்ளே எந்த அடவு நடக்கிறது என்று சொல்லுமளவுக்கு என் காது பழகிவிட்டது. அரைமண்டியில் நிற்பது எவ்வளவு கடினம் என்பதை வீட்டில் தனியாக முயன்று பார்த்துத் தெரிந்துகொண்டேன். முழங்கால்கள் இரு பக்கமும் விரிய, முதுகு வளையாமல், ஒரு வர்ணம் முழுவதையும் ஆடி முடிக்கும் பெண்ணின் உழைப்பை நான் தலைவணங்கிப் போற்றுகிறேன். என் மகள் அலாரிப்பு முதல் தில்லானா வரை இரண்டரை மணி நேரம் ஆடி அரங்கேறிய நாளில், கண்ணீர் வழிய உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் அரங்கேற்றத்துக்குப் பிறகு அவள் சலங்கையைத் தொடவில்லை. வகுப்பில் அவளுடைய உடல்வாகைப் பற்றிச் சொல்லப்பட்ட சில சொற்கள் அவளைக் காயப்படுத்தியிருந்தன என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அதைவிடவும் என்னை யோசிக்கவைத்தது, ஒருநாள் அவள் சாதாரணமாகச் சொன்ன ஒரு வார்த்தை. “மேடை இல்லேன்னா எதுக்கு ஆடணும்னு எனக்குத் தெரியலம்மா” என்றாள். எட்டு ஆண்டுகளில் அவள் ஆடிய ஒவ்வோர் அடவும் யாரோ ஒருவரின் கண்ணுக்கு முன்னால்தான் நடந்தது: குருவின் கண், பெற்றோரின் கண், கண்ணாடியில் அவளுடைய சொந்தக் கண். இருட்டறைக்குள் காது தீட்டி இருந்த முளைகள் எனக்கு வாய்த்தன. அவளுக்கு அப்படி எதுவும் வாய்க்கவில்லை. இந்தக் குறை பரதநாட்டியத்தினுடையது அல்ல. ஆட்டம் என்றாலே அரங்கேற்றம் என்று நினைத்துப் பிள்ளைகளைச் சேர்த்துவிடும் என்னைப் போன்ற பெற்றோர்கள்தாம் அதை உண்டாக்குகிறோம்.

இந்த இரண்டு வகை ஆட்டங்களும் நமக்குப் புதியவை அல்ல. சிலப்பதிகாரத்தில் இரண்டும் அருகருகே இருக்கின்றன. ஐந்து வயதில் தொடங்கி ஏழு ஆண்டுகள் பயின்று, பன்னிரண்டாம் வயதில் சோழன் முன்னிலையில் அரங்கேறுகிறாள் மாதவி. அந்த அரங்கின் அளவுகள்கூடச் சொல்லப்படுகின்றன: ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். ஆட்டத்துக்குத் தலைக்கோல் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்னும் பரிசாகக் கிடைக்கின்றன. அதே காப்பியத்தில், மதுரைக்கு வெளியே ஆயர் சேரியில், இன்னோர் ஆட்டம் நடக்கிறது. குடத்தில் பால் உறையவில்லை, காளையின் கண்ணில் நீர் வடிகிறது, உறியிலிருந்த வெண்ணெய் உருகவில்லை, பசுக்கள் நடுங்குகின்றன, கழுத்து மணிகள் அறுந்து விழுகின்றன. ஏதோ தீங்கு வரப்போகிறது என்று அஞ்சிய மாதரி, குரவை ஆடுவோம் என்கிறாள். ஏழு பெண்கள், குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு சுரங்களின் பெயர்களைத் தாங்கிக் கைகோத்து வட்டமாக நிற்கிறார்கள்.

பயத்தில் ஆடினார்கள் என்பதைத்தான் நான் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்க்கிறேன். மகிழ்ச்சி வந்தால் ஆடுவோம் என்று நாம் வழக்கமாகச் சொல்கிறோம். எங்கள் ஊர்ப் பெண்கள் மகிழ்ச்சி வந்த பிறகு ஆடியவர்கள் அல்லர். மழை தவறிய ஆண்டுகளில்தான் கும்மி அதிக நேரம் நடந்தது. பருத்தியில் நட்டம் வந்த வீட்டுப் பெண்ணும், கணவன் வெளியூருக்குப் பிழைக்கப்போய்ச் சேதி வராத பெண்ணும் வந்து வட்டத்தில் நின்றார்கள். பஞ்சத்தையும் புயலையும் கும்மியாகக் கட்டிச் சிறு நூல்களாக அச்சிட்டு விற்ற காலம் ஒன்று தமிழ்நாட்டில் இருந்திருக்கிறது; துயரத்தையும் கைகொட்டித்தான் சொன்னார்கள். ஆயர் சேரியின் குரவை தீங்கைத் தடுக்கவில்லை. ஆட்டம் முடிந்த கையோடு கோவலன் கொலையுண்ட செய்தி வந்து சேர்கிறது. ஆனாலும் அந்தச் செய்தி வந்தபோது அந்த ஊரின் பெண்கள் ஆளுக்கொரு மூலையில் தனித்து நடுங்கிக்கொண்டிருக்கவில்லை. சற்று முன்பு வரை கைகோத்து நின்றிருந்தார்கள். அதற்கு ஒரு மதிப்பு இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கடந்த ஆடியில் பதினெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு ஊருக்குப் போய், காப்புக் கட்டியது முதல் கரைப்பது வரை முழுமையாகத் தங்கினேன். மகளையும் அழைத்துச் சென்றேன். என் வலது முழங்காலில் தேய்மானம். தரையில் உட்காரவும் படியேறவும் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். முதல் இரவு ஓரமாக நின்று பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் போனேன்.

பொட்டலுக்கு இப்போது சிமென்ட் தளம் போட்டிருக்கிறார்கள். ஒரு மூலையில் ரேடியோ செட்காரரின் பெட்டிகள் ஆள் உயரத்துக்கு நின்றன. கும்மிப் பாட்டு கைப்பேசியிலிருந்து ஒலித்தது. யாரோ நகரத்தில் பதிவு செய்த, நல்ல குரலில் பாடப்பட்ட பாட்டுதான். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது வட்டத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கவில்லை. வேகமெடுக்க வேண்டிய இடத்தில் தன்பாட்டுக்கு வேகமெடுத்தது. வயதான பெண்கள் இரண்டு பாட்டுகளில் மூச்சிரைத்து ஒதுங்கிவிட்டார்கள். இளம்பெண்கள் சிலர் கைப்பேசியை ஒரு கம்பத்தில் கட்டிப் பதிவு செய்தார்கள். அதன் பிறகு வட்டம் வட்டமாக இல்லை. யாரும் சொல்லாமலேயே அது கம்பத்தின் பக்கம் வாய்திறந்து பிறை போல ஆகிவிட்டது. அந்தப் பக்கம் முதுகைக் காட்டி ஆட யாருக்கும் மனம் வரவில்லை. ஆடுபவர்களின் கண்கள் ஒருவரையொருவர் பார்ப்பதை விட்டுவிட்டுக் கம்பத்தைப் பார்த்தன.

மூன்றாம் நாள் இரவு மின்சாரம் போயிற்று. பெட்டிகள் அடங்கின. பெண்கள் கலையத் தொடங்கியபோது, கோயில் படிக்கட்டில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்த பெரியம்மா பாட்டை எடுத்தார். எழுபத்தெட்டு வயது, நிற்க முடியாது, குரலில் பழைய கனம் இல்லை, மேல்சுருதியில் காற்றுதான் அதிகம் வந்தது. ஆனால் ‘தன்னானே’ வந்து விழுந்த இடம் மாறவே இல்லை. போனவர்கள் திரும்பினார்கள். ஒதுங்கியிருந்த கிழவிகள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினார்கள். நான் எப்போது உள்ளே போனேன் என்று எனக்கே தெரியவில்லை. முழங்காலை நினைத்துக்கொண்டது, நடுச்சாமத்தில் வீட்டுக்குத் திரும்பிப் படியேறும்போதுதான்.

இதற்கு ஒரு விளக்கத்தைப் பிறகு படித்தேன். 2015-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் பிரேசில் நாட்டுப் பள்ளி மாணவர்களை வைத்துச் செய்த சோதனை அது. குழுவாக ஆடவைத்துவிட்டு, ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் கட்டி இறுக்கி, எவ்வளவு அழுத்தம் வரை வலியைத் தாங்குகிறார்கள் என்று பார்த்திருக்கிறார்கள். ஒரே அசைவை ஒரே நேரத்தில் செய்தவர்கள் ஆட்டத்துக்குப் பிறகு கூடுதல் வலியைத் தாங்கினார்கள். உடலை வருத்தி ஆடியவர்களுக்கு மட்டுமல்ல, உட்கார்ந்தபடி கைகளை மட்டும் அசைத்தவர்களுக்கும் அது பொருந்தியது. சேர்ந்து அசைவதே போதுமானதாக இருந்தது. படித்தபோது எனக்குப் படிக்கட்டில் உட்கார்ந்து கை தட்டிக்கொண்டிருந்த பெரியம்மாவின் முகம்தான் தெரிந்தது.

அன்றிரவு என் மகளும் உள்ளே வந்தாள். பார்த்த மாத்திரத்தில் அடவு பிடித்துக்கொண்டாள். எட்டு ஆண்டுப் பயிற்சி வீண்போகவில்லை. குனியும்போது முதுகு நேராக இருந்தது. கை நீண்ட கோடு மாறாமல் வந்து தட்டியது. இருட்டிலும் அவள் ஒருத்தி தனியாகத் தெரிந்தாள். பாட்டுக்கு நடுவில் பெரியம்மா அவளைக் கைகாட்டி அழைத்துப் பக்கத்தில் உட்காரவைத்தார். “ரொம்ப அழகா ஆடுற தாயி. ஆனா தனியா ஆடுற. பக்கத்துல நிக்குறவ எப்ப மூச்சு விடுறான்னு கேளு” என்றார். பிறகு அவளுடைய கைகளைப் பிடித்து உள்ளங்கையைக் குழித்துக் காட்டினார். கோழிக்குஞ்சைப் பற்றிச் சொன்னாரா என்று எனக்குக் கேட்கவில்லை. அடுத்த பாட்டில் அவளைக் கண்டுபிடிக்க நான் வட்டத்தை இரண்டு முறை தேட வேண்டியிருந்தது.

மறுநாள் முதல் மின்சாரம் இருந்தது, பெட்டிகளும் இருந்தன. ஆனால் பத்து மணிக்கு மேல் பெட்டிகளை நிறுத்திவிட்டுப் பெரியம்மாவைப் பாடச் சொல்வது என்று பெண்கள் தாங்களே ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். பாட்டுகளை எழுதிக்கொள்ளவும் ஒலிப்பதிவு செய்யவும் என் மகள் தினமும் பகலில் அவரோடு உட்கார்ந்தாள். பெரியம்மாவால் உட்கார்ந்து சும்மா பாட்டைச் சொல்ல முடியவில்லை. கை தட்டினால்தான் அடுத்த அடி வந்தது. தட்டு நின்றால் பாட்டும் நின்றது. அவருடைய பாட்டுகள் எல்லாம் தலையில் அல்ல, கையில் இருந்தன என்று அப்போது விளங்கியது.

பத்தாம் நாள் மாலை பாரிகளை இருட்டறையிலிருந்து எடுத்தார்கள். கதவு திறந்ததும் ஈர வைக்கோலும் எருவும் முளையும் கலந்த அந்த மணம் வந்தது. எனக்கு ஆறு வயது திரும்பிவிட்டது. வெளிச்சத்தில் அந்த வெளிர்மஞ்சள் பயிர் கண் கூசுவது போல லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. அறுபதுக்கு மேற்பட்ட பெண்கள் தலையில் பாரிகளை ஏற்றிக்கொள்ள, குலவை எழ, மேளம் முன்னே செல்ல, ஊர் கண்மாயை நோக்கிப் புறப்பட்டது. என் மகளின் தலையிலும் ஒரு பாரி இருந்தது.

நான் போகவில்லை. பெரியம்மா தெருவில் யாரும் எதிர்ப்படாதபடி வீட்டுக்குள் போய்விட்டார். நானும் பின்னாலேயே போனேன். “நீ போ தாயி, பாரி கரைக்கிறதப் பாக்க வேணாமா” என்று இரண்டு முறை விரட்டினார். நான் நகரவில்லை. மேளச் சத்தம் தூரத்தில் தேயும் வரை இருவரும் பேசாமல் இருந்தோம். அதன் பிறகு அவரைக் கைத்தாங்கலாக வெளியே அழைத்துவந்து, ஆளில்லாத பொட்டலில், வட்டம் நின்ற இடத்துக்கு நடுவே ஒரு நாற்காலியைப் போட்டு உட்காரவைத்தேன். சிமென்ட் தளத்தில், ஒன்பது இரவுகள் கால்கள் தேய்த்த புழுதி, பிணையல் மாடுகள் சுற்றிய களம் போல ஒரு வளையமாகப் படிந்திருந்தது.

நான் அந்த வளையத்தில் நின்று முதல் தட்டைத் தட்டினேன். அவர் சற்று நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கைகளைக் குழித்துப் பாட்டை எடுத்தார். கண்மாயிலிருந்து மேளம் திரும்பிவரும் ஓசை கேட்கும் வரை நான் அவரைச் சுற்றிவந்தேன்; என் வலக்கால் இழுத்த இடங்களில் ‘தன்னானே’ நீண்டது.